தமனியைச் சுற்றிய கொழுப்பு

கணையம் வயிற்றறையின் பின்சுவரோடு ஒட்டி, இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் குறுக்கே ஏறத்தாழ 15 செ.மீ. நீளத்தில் கிடக்கும் சுரப்பியாகும். அதன் தலைப்பகுதி, டியோடினம் எனப்படும் முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கிறது. வால் இடப்புறம் மண்ணீரலை எட்டுகிறது. நடுவே கழுத்தும் உடலும் உள்ளன. கல்லீரலிலிருந்து இறங்கிவரும் பித்தநாளம் தலைப்பகுதியின் ஊடாகவே குடலைச் சென்றடைகிறது. கழுத்துக்கு நேர் பின்னால், குடலிலிருந்து மேலேறும் மேல் குடல் சிரையும் மண்ணீரல் சிரையும் கூடி, கல்லீரலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் வாயிற்சிரையாகின்றன. அந்தச் சிரைக்குச் சற்று இடப்புறத்தில், பெருந்தமனியிலிருந்து நேரடியாகக் கிளைத்த மேல் குடல் தமனி இறங்குகிறது. சிறுகுடலின் பெரும்பகுதியும் பெருங்குடலின் முற்பாதியும் இந்த ஒரு தமனியை நம்பியே உயிர்வாழ்கின்றன.

இந்த அண்டை அயல்தான் கணையப் புற்றுநோயின் போக்கைத் தீர்மானிக்கிறது. மார்பகத்திலோ பெருங்குடலிலோ 3 செ.மீ. அளவுள்ள கட்டி பெரும்பாலும் அறுவை மருத்துவரை அச்சுறுத்துவதில்லை. கணையத் தலையில் அதே அளவுள்ள கட்டி மேல் குடல் தமனியைச் சூழ்ந்துகொண்டால், அதை அகற்றுவது குடலுக்கான இரத்த வழியையே பணயம் வைப்பதாகும். நோய் கண்டறியப்படும்போது 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு மட்டுமே நேரடியாக அறுவை செய்யக்கூடிய நிலை உள்ளது. நோய் கண்டறியப்பட்ட பின் 5 ஆண்டுகள் வாழ்வோர் அமெரிக்காவிலேயே 13 விழுக்காட்டினர்தாம் என்றாலும், நீண்டகாலம் பிழைத்திருப்போரில் மிகப் பெரும்பாலோர் கட்டி முழுதாக அகற்றப்பட்டவர்களே. ஆகவே யாருக்கு அறுவை செய்யலாம், யாருக்குக் கூடாது என்று முன்கூட்டியே பிரித்தறிவது இந்நோயின் சிகிச்சையில் மருந்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது.

அந்த அறுவை சிறியதன்று. பெர்லினில் வால்தர் கவுஷ் 1909-இல் செய்ததும், நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்டு அவருடைய பெயராலேயே வழங்கிவருவதுமான அம்முறை இன்று வளர்ந்துள்ள வடிவில், கணையத் தலை, டியோடினம், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி ஆகியவை ஒருசேர அகற்றப்பட்டு, எஞ்சிய கணையமும் பித்தநாளமும் இரைப்பையும் சிறுகுடலோடு புதிதாக இணைக்கப்படுகின்றன. பல மணி நேரம் நீளும் இந்த அறுவைக்கென வயிற்றைத் திறந்த பிறகு, கட்டி தமனியைப் பற்றியிருப்பதைக் கண்டு மூடிவிட நேர்ந்தால், நோயாளிக்குக் கிடைப்பது ஒரு பெரிய தையலும் பல வாரங்களின் தாமதமும்தான். அந்த வாரங்களில் தொடங்கியிருக்க வேண்டிய கீமோதெரபியும் தள்ளிப்போகிறது. 1970களுக்கு முன்பு, கட்டி அகற்றத்தக்கதா என்பதைக் கத்தியால் மட்டுமே உறுதியாக அறிய முடிந்தது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி 1971-இல் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தபோது தொடங்கிய மாற்றம், 1989-இல் வந்த சுருள் சி.டி.யாலும் 1998-க்குப் பின் வந்த பல அடுக்கு சி.டி.யாலும் கணையம் வரை வந்து சேர்ந்தது. மூச்சை ஒருமுறை அடக்கும் நேரத்துக்குள் வயிறு முழுவதையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் படமெடுக்க முடிந்த பிறகே, கணையத்துக்கென்று தனியான படமெடுக்கும் முறை உருவானது.

அந்த முறையின் உயிர்நாடி நேரம். கையிலுள்ள சிரை வழியே அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து, வினாடிக்கு 3 முதல் 5 மி.லி. வேகத்தில் செலுத்தப்படுகிறது. அயோடின் எக்ஸ்-கதிர்களைத் தடுப்பதால், அது சென்றடையும் திசு படத்தில் வெளுப்பாகத் தெரிகிறது. ஊசி தொடங்கிய 40 முதல் 50 வினாடிகளுக்குள், தமனிகள் நிரம்பி, இரத்த ஓட்டம் மிகுந்த கணையத் திசுவும் உச்ச அளவில் ஒளிரும் ஒரு குறுகிய இடைவெளி வருகிறது. கணையக் கட்டம் எனப்படும் அந்நேரத்தில் முதல் தொகுப்புப் படம் எடுக்கப்படுகிறது. 65 முதல் 70 வினாடிகளில், மருந்து குடலைச் சுற்றிவந்து வாயிற்சிரையையும் கல்லீரலையும் நிரப்பும்போது இரண்டாவது தொகுப்பு எடுக்கப்படுகிறது. முதலாவது கட்டியையும் தமனிகளையும், இரண்டாவது சிரைகளையும் கல்லீரலில் பரவிய நோயையும் காட்டுவதற்காக ஏற்பட்டவை. வழக்கமான வயிற்று சி.டி.யில் இரண்டாவது கட்டம் மட்டுமே இருக்கும் என்பதால், வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் ‘கணையம் இயல்பு’ என்று எழுதப்பட்டிருப்பதை நம்பி இருந்துவிடுவது ஆபத்தானது. படமெடுக்கும் முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பதும் வெறும் தண்ணீர்தான். வெண்மையாகத் தெரியும் மருந்தைக் குடித்தால் அது டியோடினத்தின் சுவரையும் அருகிலுள்ள குழாய்களையும் மறைத்துவிடும்.

கணையப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மையான நாளப் புற்று, இந்தக் கணையக் கட்டத்தில் ஒளிராமல் கருமையாக நிற்கிறது. கட்டியின் பெரும்பகுதி புற்றணுக்களால் ஆனதே அன்று; அவை தம்மைச் சுற்றி எழுப்பிக்கொள்ளும் அடர்ந்த நார்த்திசுவே அதில் மிகுதி. அந்த நார்த்திசு நுண்குழல்களை நெருக்கி இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதால், மருந்து உள்ளே மெதுவாகவே நுழைகிறது. கீமோதெரபி மருந்துகள் இந்தக் கட்டிக்குள் எளிதில் ஊடுருவாததற்கும் இதையே ஒரு காரணமாகச் சொல்வர். படத்தில் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் இயல்பே சிகிச்சையைத் தடுப்பதாகவும் இருப்பது இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று.

எனினும் அறுவையைத் தீர்மானிப்பவர் கட்டியைவிட அதன் ஓரத்தையே உற்றுப் பார்க்கிறார். ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோலில் தண்ணீரின் மதிப்பு 0, காற்றின் மதிப்பு -1000, கொழுப்பின் மதிப்பு ஏறத்தாழ -100. அயோடின் நிரம்பிய தமனி அதே அளவுகோலில் 200-க்கும் மேலே செல்கிறது. ஆகையால் வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினாற்போல வயிற்றைத் துண்டு துண்டாகக் காட்டும் படங்களில், மேல் குடல் தமனி ஒரு வெண்பொட்டாகவும், அதைச் சூழ்ந்துள்ள கொழுப்பு சில மில்லிமீட்டர் அகலமுள்ள கரிய வளையமாகவும் தெரிகின்றன. அந்த வளையம் முழுதாக இருந்தால் தமனியைக் கட்டி தொடவில்லை என்று பொருள். வளையத்தின் ஒரு பகுதி சாம்பல் நிறமாக மாறியிருந்தால் அந்தத் திசையிலிருந்து ஏதோ ஒன்று தமனியை எட்டியிருக்கிறது. உடல் மெலிந்து கொழுப்பெல்லாம் கரைந்துபோன நோயாளியின் படத்தைப் படிப்பது அதனாலேயே கடினமாகிறது. இந்நோயோ உடலை விரைவில் மெலியவைப்பது.

அந்தத் தொடுகையை எப்படி அளப்பது என்பதற்குத் தெளிவான விடை தந்தது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் டேவிட் லூவும் உடனுழைத்தோரும் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு. அறுவைக்கு முன் எடுத்த படங்களில், ஒவ்வொரு பெருங்குழாயின் சுற்றளவில் எவ்வளவு பங்கைக் கட்டி தொடுகிறது என்று அவர்கள் தரம் பிரித்து, பிறகு அறுவையின்போது அதே குழாய் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிட்டனர். சுற்றளவில் பாதிக்கு மேல் தொடுகை இருந்தால் அகற்ற இயலாது என்று கொண்டபோது, அகற்ற முடியாத குழாய்களில் 84 விழுக்காட்டை அந்த விதி சரியாகப் பிடித்தது. அகற்றத்தக்கவற்றுள் 98 விழுக்காட்டைத் தவறாக ஒதுக்காமல் விட்டது. ஆய்வு சிறியது. ஆனால் ஒரு வட்டத்தின் பாதி, அதாவது 180 பாகை, என்ற அளவை யாரும் படத்தில் கண்ணாலேயே மதிப்பிட முடிவதால் அது நிலைத்துவிட்டது. இன்று உலகின் பல பகுதிகளில் பின்பற்றப்படும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் வலையமைப்பின் வழிகாட்டுதல்கள் அந்தப் பாகைக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. தமனிகள் எதையும் தொடாமலும், சிரையை 180 பாகைக்கு மிகாமல் அதன் வடிவம் கெடாதபடி மட்டுமே தொட்டும் நிற்கும் கட்டி அகற்றத்தக்கது. மேல் குடல் தமனியை 180 பாகைக்குள் தொடுவது எல்லைக்கோட்டு நிலை. அதற்கு மேல் சூழ்ந்திருப்பது இடத்திலேயே முற்றிய நோய்.

தமனிக்கும் சிரைக்கும் வேறு வேறு அளவுகோல் ஏன் என்பது விளக்கத்துக்குரியது. மேல் குடல் சிரையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து முனைகளை மறுபடி இணைக்க முடியும் என்பது 1951 முதலே அமெரிக்க அறுவை மருத்துவர்களால் செய்து காட்டப்பட்டு, இன்று தேர்ந்த மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. சிரையின் மெல்லிய சுவர் எளிதில் நசுங்குவதால், இயல்பாக வட்டமாகத் தெரிய வேண்டியது கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒருபுறம் இழுபட்டுத் தெரிந்தாலே சந்தேகம் வலுக்கிறது. தமனியின் நிலை வேறு. மேல் குடல் தமனியைச் சுற்றி நரம்பிழைகள் வலைபோலப் பின்னியுள்ளன. கணையப் புற்றணுக்கள் நரம்பின் உறைவழியே ஊர்ந்து செல்லும் இயல்புடையவை. எனவே தமனியைத் தொட்ட கட்டி, கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி அந்த வலைக்குள் பரவியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தமனியை வெட்டி இணைத்தாலும் நோய் பின்தங்கிவிடுகிறது, அறுவையின் ஆபத்தும் பெருகுகிறது.

கட்டியின் எல்லையைச் சொல்வதோடு கதிரியல் மருத்துவரின் வேலை முடிவதில்லை. கல்லீரலின் வலப்பகுதிக்கான தமனி இயல்பான இடத்திலிருந்து கிளைக்காமல் மேல் குடல் தமனியிலிருந்தே கிளைத்து, கணையத் தலைக்குப் பின்புறமாகச் செல்லும் அமைப்பு பத்தில் ஒருவருக்கேனும் உண்டு. அதை முன்கூட்டி அறியாமல் கத்தி வைத்தால் கல்லீரலின் ஒரு பகுதி இரத்தமின்றிப் போகும். இன்னொன்று மேலும் நுட்பமானது. கல்லீரல், இரைப்பை, மண்ணீரல் மூன்றுக்கும் பொதுவான சீலியாக் தமனி, உதரவிதானத்தின் நார்ப்பட்டை அழுத்துவதால் சிலருக்குப் பிறவியிலிருந்தே குறுகியிருக்கும். அவர்களுக்குக் கல்லீரலை ஊட்டும் இரத்தம், கணையத் தலைக்குள்ளிருக்கும் சிறு கிளைகள் வழியாகத் தலைகீழ்த் திசையில் ஏறிச் செல்கிறது. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் எந்தக் குறையும் உணர்ந்திருக்க மாட்டார். கணையத் தலையை அகற்றும் நாளில் அந்த மாற்றுவழி அறுபட, கல்லீரல் தவித்துப்போகும். பக்கவாட்டுக் கோணத்தில் படத்தைத் திருப்பிப் பார்த்தால், பெருந்தமனியிலிருந்து கிளைக்கும் இடத்திலேயே சீலியாக் தமனி கொக்கிபோல வளைந்து குறுகியிருப்பது தெரியும். பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது, பார்க்க நினைக்க வேண்டும். இவையெல்லாம் எழுதுபவரின் நினைவை நம்பி விடப்படக் கூடாது என்றே, அமெரிக்கக் கதிரியல், கணைய நோயியல் சங்கங்கள் கூடி 2014-இல் ஒரு பொது அறிக்கைப் படிவத்தை வெளியிட்டன. எந்தக் குழாய், எத்தனை பாகை, எந்த மாறுபாடு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனி இடம் உண்டு.

கட்டியே தெரியாமல் போவதும் உண்டு. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 53 நோயாளிகளில் 6 பேரின் கட்டி, சுற்றியுள்ள திசுவைப் போலவே ஒளிர்ந்து மறைந்து நின்றது. அப்போது கைகொடுப்பவை மறைமுகத் தடயங்கள்: இயல்பில் 3 மி.மீ.க்கு உட்பட்டிருக்கும் கணையநாளம் ஓரிடத்தில் திடீரென அடைபட்டு, அதற்குப் பின்னுள்ள பகுதி விரிந்திருப்பது. பித்தநாளமும் கணையநாளமும் ஒன்றாக விரிந்திருப்பது. அடைப்புக்கு அப்பாலுள்ள கணையம் சுருங்கிப் போவது. மஞ்சள் காமாலையோடு வருபவரின் படத்தில் இவை இருந்தும் கட்டி தெரியாவிட்டால், எண்டோஸ்கோப்பின் முனையில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, இரைப்பை வழியாகக் கணையத்துக்கு மிக அருகிலிருந்து பார்ப்பதும், தேவையானால் அதே வழியில் ஊசியால் திசு எடுப்பதும் அடுத்த படி. புற்றுபோலத் தோன்றி ஏமாற்றும் தன்னெதிர்ப்புக் கணைய அழற்சியும் உண்டு. கணையம் முழுவதும் வீங்கி, ஓரத்தில் ஓர் உறை போன்ற கோடு தெரியும் அந்நோய் ஸ்டீராய்டு மருந்துக்கே குணமாகிவிடும் என்பதால், அதைப் புற்றென்று எண்ணி அறுவை செய்வது பெருந்தவறு.

தென்னிந்தியாவில் இச்சிக்கலுக்கு ஒரு கூடுதல் முகம் உண்டு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளவயதிலேயே கணையம் முழுவதும் கல் விழுந்து, நீரிழிவையும் வயிற்றுவலியையும் தரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி நெடுநாளாக அறியப்பட்டது. அந்நோயாளிகளுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு பொதுமக்களைவிடப் பன்மடங்கு என்பதைச் சென்னை நோயாளிகளிடையே செய்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே நார்பிடித்து மங்கிய கணையத்தில் புதிய நார்க்கட்டி வேறுபட்டுத் தெரியாது; கற்களின் வெண்மை அருகிலுள்ளதை மறைக்கும்; நாளம் முன்பே விரிந்திருப்பதால் அந்தத் தடயமும் பயன்படாது. பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிடுவதே இங்கே உறுதியான வழி. ஆகவே இத்தகையோர் தங்கள் பழைய ஸ்கேன்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது உயிர்காக்கும் செயலாகவே அமையலாம்.

எப்போது படமெடுப்பது என்பதிலும் தவறு நேர்கிறது. காமாலை முற்றியவருக்குப் பித்தநாள அடைப்பை நீக்க எண்டோஸ்கோபி மூலம் ஸ்டென்ட் என்ற குழாய் வைப்பது பல இடங்களில் முதல் வேலையாகிவிடுகிறது. ஸ்டென்ட் வைத்தபின் கணையத் தலை வீங்கலாம், கொழுப்பு கலங்கலாம், உலோகக் குழாயின் கதிர்க்கீற்றுகள் படத்தில் குறுக்கே பாயலாம். கட்டியின் எல்லையை அதன் பிறகு நம்பிக்கையோடு சொல்ல முடியாது. முதலில் சி.டி., பிறகு தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்பதே சரியான வரிசை. எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவைதானா என்பதும் கேள்விக்குரியதே. நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், உடனடியாக அறுவை செய்யப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், முதலில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் 74 விழுக்காட்டினருக்கும் கடுமையான சிக்கல்கள் நேர்ந்தன. படம் பழையதாகிவிடவும் கூடாது. நான்கு வாரங்களுக்கு முந்திய படத்தை வைத்துக்கொண்டு இந்நோய்க்கு அறுவை தொடங்குவது, வேறொரு நாளின் வயிற்றை நம்பி இன்றைய வயிற்றைத் திறப்பதாகும்.

சி.டி.யின் கண்ணுக்கு எட்டாத நோயும் உண்டு. கல்லீரலின் மேற்பரப்பில் படியும் சிறு முடிச்சுகளையும் வயிற்றுறையில் தூவியதுபோல் பரவும் துகள்களையும் அது அடிக்கடி தவறவிடுகிறது. கல்லீரல் முடிச்சுகளுக்கு எம்.ஆர்.ஐ. மேலானது, நீர் மூலக்கூறுகள் திசுவுக்குள் எவ்வளவு தடையின்றி நகர்கின்றன என்பதை அளக்கும் அதன் ஒரு முறை, சில மில்லிமீட்டர் அளவுள்ளவற்றையும் காட்டிவிடுகிறது. சர்க்கரையோடு கதிரியக்கக் குறி சேர்த்துச் செலுத்திப் புற்றணுக்களின் பசியைப் படமாக்கும் பெட் ஸ்கேன், பிரிட்டனில் 550 பேரிடம் ஆராயப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குத் திட்டமிடப்பட்டிருந்தவர்களில் 20 விழுக்காட்டினருக்கு அறுவையைத் தவிர்க்க உதவியது. வயிற்றுறைத் துகள்களுக்கு லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளைக் கேமராவே இன்னும் நம்பகமான வழி. கட்டி பெரிதாக இருக்கும்போதும், சி.ஏ. 19-9 என்ற இரத்தக் குறியீடு மிக உயர்ந்திருக்கும்போதும் பலர் அதை முதலில் செய்கின்றனர்.

இதுவரை சொன்ன கணக்குகளெல்லாம் சிகிச்சை தொடங்காத கட்டிக்கே பொருந்தும். ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற பல மருந்துச் சேர்க்கை, பரவிய நோயில் இடைநிலை (மீடியன்) ஆயுளை 6.8 மாதங்களிலிருந்து 11.1 மாதங்களாக உயர்த்தியதாக 2011-இல் பிரெஞ்சு ஆய்வொன்று அறிவித்தபின், எல்லைக்கோட்டு நிலையில் உள்ளோருக்கும் முற்றிய நிலையில் உள்ளோருக்கும் அறுவைக்கு முன்பே கீமோதெரபி கொடுப்பது பரவலாயிற்று. மருந்துக்குப் பிறகு மறுபடி படமெடுத்துப் பார்த்தால், பாகைக் கணக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. புற்றணுக்கள் செத்துப்போன இடத்தில் நார்த்திசு எஞ்சிநிற்க, உயிருள்ள கட்டிக்கும் தழும்புக்கும் சி.டி.யில் வேறுபாடு தெரிவதில்லை. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் எல்லைக்கோட்டு நிலையிலிருந்த 129 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட முடிவு இதைத் துலக்கமாகக் காட்டுகிறது: படத்தின்படி அகற்றத்தக்க நிலைக்கு இறங்கிவந்தவர் ஒருவர் மட்டுமே, ஆனால் 85 பேருக்குக் கட்டி அகற்றப்பட்டது, அவர்களில் 81 பேரின் வெட்டு விளிம்புகளில் புற்று இல்லை. மருந்துக்கு முன் அறுவையைத் தடுத்த அதே சாம்பல் வளையம், மருந்துக்குப் பின் தனியாக நின்று தடை சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது.

ஆகவே இரண்டாவது படத்தில் தேடப்படுவன வேறு: கல்லீரலிலோ நுரையீரலிலோ புதிய நோய் தோன்றியிருக்கிறதா, கட்டி வளர்ந்திருக்கிறதா என்பவை. இரண்டும் இல்லாமல், சி.ஏ. 19-9 இறங்கி, உடலும் தேறியிருந்தால், தொடுகை மாறாவிட்டாலும் அனுபவமிக்க குழுக்கள் அறுவைக்குச் செல்கின்றன. அத்தகைய அறுவையில் முதலில் மேல் குடல் தமனியின் ஓரத்தையே பிரித்து, அங்கிருந்து சிறு திசுவை எடுத்து, உறையவைத்து மெல்லியதாகச் சீவி, அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். வெறும் தழும்பென்றால் அறுவை தொடர்கிறது. உயிருள்ள புற்றணு இருந்தால், கணையத்தையோ பித்தநாளத்தையோ வெட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட முடிகிறது.